செர்பேர்–பான்யுல்ஸ்: மேலே நடந்த பாறையிலேயே கீழே நீந்திப் போவது

நீங்கள் கேட்டது இதுதான்: செப்டம்பரில் குடும்பத்தோடு பார்சிலோனா வருகிறீர்கள். மூன்று நாள் கையில் இருக்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஒன்றை நடந்தும் பார்க்க வேண்டும், தண்ணீருக்குள் இறங்கியும் பார்க்க வேண்டும். மூவருக்கும் நீச்சல் தெரியும், ஸ்கூபா தெரியாது. மகளுக்குப் பத்து வயது. அந்தமானில் பவளப்பாறை பார்த்த கண்ணுக்கு இது ஏமாற்றமாகிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள்.

செர்பேர்–பான்யுல்ஸுக்குப் போங்கள். பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி இருக்கிறது. பார்சிலோனாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் பக்கத்து நகரமான பெர்பினியானில் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தக் கரைக்கு எல்லா மாதங்களிலும் போயிருக்கிறேன். இதைவிடப் பெயர் பெற்ற இடங்கள் மத்தியதரையில் உண்டு. தென்கிழக்குப் பிரான்சில் புரோவான்ஸ் கரைக்கு எதிரே போர்-க்ரோ தீவு, சிசிலியில் சிங்கரோ, கோர்சிகாவில் ஸ்காண்டோலா. ஆனால் காலையில் நடந்த அதே பாறைச்சரிவில் மதியம் நீந்தி இறங்க வேண்டும், அதற்குப் படகு வேண்டாம், கார் வேண்டாம் என்றால் எனக்குத் தெரிந்து இதற்கு ஈடான இடம் இல்லை.

முதலில் ஏமாற்றம் பற்றிய கேள்வி. அந்தமானை நினைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டால் நிச்சயம் ஏமாறுவீர்கள். மத்தியதரையில் வெப்பக்கடல் பவளப்பாறை கிடையாது. முதல் ஐந்து நிமிடம் பழுப்பும் பச்சையும் சாம்பலும்தான் தெரியும். கடலில் சத்துப்பொருள் குறைவு, அதனால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு. நிறக்கூட்டத்தை எதிர்பார்க்காமல் ஒரு சாண், இரண்டு சாண் பரப்பைப் பொறுமையாகப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தக் கடல் திறந்துகொள்கிறது. அந்தப் பழக்கத்தைக் கரையில் நடக்கும்போதே தொடங்கிவிடலாம். அதனால்தான் நடையை முதல் நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பிரனீஸ் மலைத்தொடர் கிழக்கே வந்து வந்து கடைசியில் கடலில் இறங்கிவிடும் இடம் இது. பான்யுல்ஸ் ஒரு சிறிய துறைமுக ஊர், செர்பேர் எல்லையில் இருக்கும் ரயில் ஊர். இரண்டுக்கும் நடுவே ஆறரை கிலோமீட்டர் கரைக்கு முன்னால் உள்ள கடலில் 650 ஹெக்டேரை 1974ல் காப்பகமாக அறிவித்தார்கள். கடலை மட்டுமே காப்பதற்காகப் பிரான்சில் அமைந்த முதல் காப்பகம் இதுதான். இதற்கு ஒரு பின்னணி உண்டு. பான்யுல்ஸ் துறைமுகத்தின் ஓரத்தில் 1882லேயே அன்றி தெ லகாஸ்-துய்த்தியே என்ற விலங்கியலாளர் ஒரு கடல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அராகோ ஆய்வுக்கூடம் என்று பெயர். இன்றும் நடக்கிறது. ஆக, காப்பகம் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பிருந்தே இங்கே என்ன உயிர் எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எது குறைந்தது, எது திரும்ப வந்தது என்று சொல்ல அந்தப் பழைய பதிவுகள் எவ்வளவு உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நடை. பான்யுல்ஸிலிருந்து செர்பேர் வரை கரையோரப் பாதை இருக்கிறது. நிதானமாக, நின்று நின்று போனால் நான்கைந்து மணி நேரம். தூரம் பெரிதில்லை, ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கியே போக வேண்டும். நிழல் அனேகமாக இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல அடிப்பாகம் உள்ள ஷூ, தொப்பி. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். செர்பேர் போய்ச் சேர்ந்ததும் ரயிலில் பான்யுல்ஸுக்குத் திரும்பிவிடலாம், சில நிமிடப் பயணம்தான். அதனால் வந்த வழியே நடந்து திரும்ப வேண்டியதில்லை. ரயில்கள் அடிக்கடி கிடையாது, நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை முழுக்கக் காலடியில் இருப்பது சிஸ்ட் பாறை. பலகை பலகையாக, ஏடு ஏடாகப் பிளக்கும். அதே கல்லை அடுக்கித்தான் மலைச்சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, வெறும் அடுக்குக் கல். மழைநீர் ஓட அந்தப் படிகளின் குறுக்கே வெட்டிய கல் வாய்க்கால்களைக் கவனியுங்கள். இரண்டு வாய்க்கால்கள் சாய்வாக வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் கோழிக்கால் தடம் போலவே இருக்கும். கத்தலான் மொழியில் அதற்குப் பெயரே ‘சேவல் கால்’. இலையுதிர்கால மழை இங்கே சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். அந்த வெள்ளத்தின் வேகத்தை உடைத்து மண்ணைப் பிடித்து வைப்பதுதான் இந்த வாய்க்கால்களின் வேலை. தோட்டக்காரர் தன் மண்ணுக்காகச் செய்த வேலை, கீழே இருக்கும் கடலையும் காப்பாற்றுகிறது. படிச்சுவர் சரிந்தால் அந்தச் செம்பழுப்பு மண் நேராகக் கடற்புல் மேல் போய்ப் படியும். 2023 ஏப்ரலில் செர்பேர் பக்கம் எழுந்த தீயில் ஏறக்குறைய ஆயிரம் ஹெக்டேர் எரிந்தது. கருகிய சரிவைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த கவலை, அடுத்த மழைக்கு இந்தச் சாம்பலும் மண்ணும் எங்கே போகும் என்பதுதான்.

செடிகளை ஓரளவுக்குச் சொல்கிறேன். ரோஸ்மேரி, காட்டு லாவெண்டர், ஒட்டும் இலை கொண்ட சிஸ்டஸ் புதர், பாறை வெடிப்பில் கடற்சோம்பு. இலையைக் கசக்கி மகளை முகரச் சொல்லுங்கள், ஆனால் பறிக்க வேண்டாம். சப்பாத்திக்கள்ளியும் கற்றாழை போன்ற அகேவும் நிறைய இருக்கும். நம் ஊர்ச் செடி மாதிரித் தோன்றினாலும் இரண்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தவை. தரையோடு படர்ந்து, மூன்று பட்டை போட்ட சதைப்பற்றுள்ள இலையோடு இருக்கும் கொடி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அழகாகப் பூக்கும், ஆனால் இந்தப் பாறைக்கே உரிய சிறு செடிகளை மூடிக் கொன்றுவிடும். பாறை உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கருநீலப் பறவை நீலப் பாறைப்பூங்குருவி. அதே இனத்தின் கிழக்கத்திய வகை குளிர்காலத்தில் நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் வருகிறது.

நடையில் முக்கியமான இடம் ரெடெரிஸ் முனை. அதன் மேல் ஏறி நின்றால் தெற்கே ஸ்பெயின் கரை வரைக்கும் தெரியும். உங்கள் காலுக்குக் கீழே உள்ள கடலில் 65 ஹெக்டேர் முழுப் பாதுகாப்புப் பகுதி. அங்கே மீன்பிடி இல்லை, முக்குளிப்பு இல்லை, நங்கூரமும் போடக்கூடாது. காப்பகத்தின் மற்ற பகுதிகளில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. நீந்தலாம், ஸ்கூபா செய்யலாம். அனுமதி பெற்ற சிறு மீனவர்கள் வலை போடுகிறார்கள், தூண்டில் போடுவதற்கும் அனுமதிச்சீட்டு உண்டு. ஈட்டித் துப்பாக்கியோடு முக்குளித்து மீன் பிடிப்பது மட்டும் காப்பகம் முழுவதிலும் தடை. அந்த ஒரு தடை என்ன செய்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முனையிலிருந்து இறங்கிப் பெய்ரஃபித் குடாவுக்கு வந்ததும் கடற்கரை ஓரப் பாறையில் உட்காருங்கள். இங்கே ஒரு பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்வேன். மத்தியதரையில் ஏற்றவற்றம் மிகவும் குறைவு, ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். பெருங்கடல் கரைகளில் பல மீட்டர் உயரத்துக்குப் பரந்து கிடக்கும் உயிர்ப்பட்டைகள் இங்கே அந்த முழத்துக்குள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். மேலே சாம்பல்நிறப் பாசிக்காளான் (லைக்கன்), அடுத்து மஞ்சள் பட்டை, அதற்குக் கீழே தார் பூசியது போல ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் கறுப்பும் ஒரு பாசிக்காளான்தான், எண்ணெய்க்கறை இல்லை. பிறகு மிளகு அளவு நத்தைகள், கூம்புச் சிப்பிகள். நீர்மட்டத்தில் வெளிர் ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு விளிம்பு பாறையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும். தொட்டால் கல் மாதிரி இருக்கும், ஆனால் அது ஒரு சிவப்புப் பாசி. தன் உடம்பில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று வளர்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் அந்த விளிம்பைக் கட்டியிருக்கிறது. பார்க்கக் கால் வைத்து ஏற வசதியான படி போல இருக்கும். தயவுசெய்து அதன் மேல் கால் வைக்காதீர்கள். எத்தனையோ பேர் மீன் மேல் கைவைக்கக் கூடாது என்று கவனமாக இருந்துவிட்டு, தண்ணீரிலிருந்து ஏறும்போது இதை மிதித்து உடைப்பதைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் கூழாங்கல் கரை வழியாகவே இறங்குங்கள், ஏறுங்கள்.

இரண்டாம் நாள் அதே குடாவுக்கு மாஸ்க், ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய், ஃபின்னோடு வாருங்கள். அங்கே ஒரு கடலடிப் பாதை இருக்கிறது. 250 மீட்டர் நீளம், ஐந்து நிலையங்கள், ஆழம் ஐந்து மீட்டருக்குள். ஒவ்வொரு நிலையத்திலும் மிதவை இருக்கும். ஸ்நார்க்கலிலேயே பொருத்திய சிறிய வானொலி வழியாக, நீந்திக்கொண்டே விளக்கம் கேட்கும் ஏற்பாடும் உண்டு. மிதவையும் வானொலியும் பொதுவாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு மட்டும். நீங்கள் செப்டம்பரில் வருவதால் அவை இல்லாமல் போகலாம். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரும் இன்னும் சூடாக இருக்கும். பாதை போகும் வழி எளிது: குடாவின் பாறைக்கரையை ஒட்டியே நீந்திப் போய், திரும்பும்போது நடுவில் உள்ள கடற்புல் மேல் வருவது. மாஸ்க்கும் மூன்று மில்லிமீட்டர் நீச்சல் உடையும் பான்யுல்ஸிலேயே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். உடை குளிருக்கு மட்டும் அல்ல, மிதக்கவும் உதவும், மகள் களைப்பில்லாமல் மேலே கிடக்கலாம். பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள், படகுக்காரர்கள் கண்ணில் படும்.

நீந்தும் விதம் முக்கியம். தண்ணீர் மேல் குப்புறப் படுத்து, கையைக் காலை அடிக்காமல், ஒரே பாறை மேல் இரண்டு நிமிடம் மிதந்து கிடங்கள். முதலில் ஓடிப்போன மீன்கள் அந்த இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். மயில்தோகை விசிறி போல வெள்ளைக் கோடு போட்ட பாசி தெரியும். கல் இடுக்கில் கடல் முள்ளெலிகள். ஊதா நிற முள்ளெலி தன் தலைமேல் கூழாங்கல்லையும் சிப்பி ஓட்டையும் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். இலேசாகக் குனிந்து பாறையின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். செக்கச்சிவந்த கார்டினல் மீன்கள் தலைகீழாகக் கூட நிற்கும். கோடையில் அந்த இனத்தில் அப்பன் மீன்தான் முட்டைகளை வாயில் அடைகாக்கிறது, குஞ்சு பொரிக்கும்வரை இரை எடுப்பதில்லை. செப்டம்பரில் வருவதால் இன்னொரு பரிசும் உங்களுக்கு உண்டு. கறுத்த சிறு மீன்கள் கூட்டமாக நடுநீரில் நிற்கும், அவற்றின் குஞ்சுகள் மட்டும் மின்சார நீலத்தில் ஒளிரும். கோடை முடிவில் பாறை விளிம்புகளில் அந்த நீலத்தைக் கொத்துக்கொத்தாகப் பார்க்கலாம். கல்லுக்கு முன்னால் வெறும் சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்தால் நில்லுங்கள். அது பேய்க்கணவாயின், அதாவது ஆக்டோபஸின், வீட்டு வாசல். உள்ளிருந்து ஒரு கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் இந்தக் கடலில் அதிகம் நேசிப்பது கடற்புல்லை. பொசிடோனியா என்று பெயர். பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள செடி. நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன தாவர வம்சம். நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடல் தாழைக்குத் தூரத்து உறவு. இந்த இனம் மத்தியதரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. விரல் அகலத்தில் நாடா போன்ற இலைகள், சில சமயம் ஒரு மீட்டர் நீளம். வளர்வதோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். பழைய தண்டுகளும் வேர்களும் மணலும் சேர்ந்து அடியில் கெட்டியான மெத்தையாகி, நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டே வரும். கார்பனைப் பல காலத்துக்குப் புதைத்து வைப்பது அந்த மெத்தைதான். ஸ்பெயினின் ஃபார்மெண்டேரா தீவருகே ஒரே செடியின் கிளைகள் பல கிலோமீட்டர் தூரம் பரந்திருப்பதை 2006ல் கண்டறிந்தார்கள். ஒரு படகின் நங்கூரம் ஒரு நிமிடத்தில் பிய்த்தெறியும் துண்டு திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். பிரான்சில் 1988 முதல் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற தாவரம்.

கரையில் பழுப்பு நிறத்தில் வைக்கோல் மாதிரி குவிந்து கிடப்பது அதன் உதிர்ந்த இலைதான். குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. குளிர்காலப் புயலில் மணல் அரித்துப்போகாமல் தடுப்பது அந்தக் குவியல். அதற்கிடையே தேங்காய்நாரை உருட்டி வைத்தது போலப் பந்துகள் கிடக்கும். இலையின் நார்களை அலை உருட்டி உருட்டிச் செய்தவை. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தண்ணீருக்குள் அந்தப் புல்வெளி மேல் மிதந்தால் இரண்டும் மனதில் சேர்ந்துகொள்ளும். பொன்னிறக் கோடு போட்ட சாலெமா மீன்கள் ஆட்டு மந்தை போலப் புல்லை மேய்ந்துகொண்டே போகும், இலை கத்தரிக்கும் சத்தம் காதில் கேட்கும். ஓரங்களில் செந்நிற நவரை மீன்கள் மீசையால் மணலைக் கிளறும்.

இப்போது ஈட்டித் துப்பாக்கித் தடை பற்றி. இங்கே பழுப்புக் களவா என்ற மீன் உண்டு, நம் களவாவின் இனம்தான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பல பத்தாண்டு வாழும். எல்லாக் களவாவும் பெண்ணாகவே வாழ்க்கையைத் தொடங்கி, பத்து வயதுக்கு மேல்தான் சில ஆணாக மாறும். அதாவது ஒரு கரையில் இருக்கும் பெரிய மீன்கள்தான் ஆண்கள். அவை தன் குகையை விட்டு அதிகம் நகராது, மனிதனைக் கண்டால் ஓடாமல் திரும்பிப் பார்க்கும். ஈட்டிக்காரன் கண்ணில் முதலில் படுவதும் அவைதான். பெரியதைக் குத்தி எடுத்துக்கொண்டே வந்தால் ஆணே மிஞ்சாது. அப்படித்தான் பிரான்சின் மத்தியதரைக் கரை முழுவதும் இந்த மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1980களின் நடுவில் இந்தக் காப்பகத்திலேயே பத்து, பதினைந்துதான் எண்ணினார்கள். 1993ல் நாட்டின் மத்தியதரைக் கரை முழுவதும் களவாவை ஈட்டியால் பிடிக்கத் தடை வந்தது. இன்று இந்தச் சிறிய காப்பகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஸ்நார்க்கலோடு போகும் உங்களுக்குப் பெரிய களவா கண்ணில் படும் என்று உறுதி சொல்ல மாட்டேன், அவை ஆழத்தில் இருப்பவை. ஆனால் குடாவின் வெளிப்பக்கப் பாறைகளில் முழங்கை நீளக் களவாவை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மற்ற மீன்களிலும் வித்தியாசம் தெரியும். வாலில் கறுப்புப் பட்டை போட்ட சார் மீன்கள் தட்டு அளவுக்கு வளர்ந்து, ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கும். இந்த சார் மீன்கள் கடல் முள்ளெலியைத் தின்பவை. இவை குறைந்த கரைகளில் முள்ளெலி பெருகி, பாசி முழுவதையும் மேய்ந்து பாறையை மொட்டையாக்கிவிடுகிறது.

தொடக்கத்தில் மீனவர்களுக்குக் காப்பகம் பிடிக்கவில்லை. தங்கள் கடலைப் பூட்டிவிட்டார்கள் என்ற கோபம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. முழுப் பாதுகாப்புப் பகுதியிலிருந்து முட்டையும் குஞ்சும் வளர்ந்த மீனும் எல்லை தாண்டி வெளியே வரத் தொடங்கிய பிறகு பலரின் மனம் மாறியது. சிறு மீனவர்களை முற்றாக வெளியேற்றாமல், வெளிப்பகுதியில் இடம் விட்டதுதான் இந்தக் காப்பகம் ஐம்பது வருடம் நிலைத்ததற்குக் காரணம் என்பது என் கருத்து.

பவளம் இல்லை என்றேன். வெப்பக்கடல் பாறைதான் இல்லை. நம் வீட்டில் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் இந்தக் கடலில் விளைவது. தேனீ முனை என்று பொருள்படும் லாபெய் முனைக்குக் கீழே, இருபது மீட்டர் ஆழத்துக்கு அப்பால், பாறைக் கூரைகளின் அடியில் அது கிளைவிட்டுத் தொங்குகிறது. உயிரோடு இருக்கும்போது அந்தச் சிவப்புக் கிளை மேல் எட்டு இதழ் கொண்ட வெண்ணிறப் பூக்கள் மலர்ந்திருக்கும். அவைதான் அந்த உயிரினம். கிளையின் தடிமன் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட ஏறுவதில்லை. ரோமானியர் காலத்திலேயே இது கப்பலேறிச் சேர நாட்டு முசிறிக்கு வந்திருக்கிறது. நாங்கள் முத்துக்கு ஏங்குவது போல இந்தியர்கள் பவளத்துக்கு ஏங்குகிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். என் பாட்டியின் பவள மாலையை நினைத்துக்கொண்டுதான் நான் முதன்முதலில் அங்கே இறங்கினேன். டார்ச் அடிக்கும்வரை எல்லாம் கரிய நிறமாகத்தான் இருந்தது, ஏனென்றால் சிவப்பு ஒளி அந்த ஆழத்துக்கு வருவதில்லை. விளக்குப் பட்டதும் எரிந்த அந்தச் சிவப்பை மறக்க முடியவில்லை.

நீங்கள் அங்கே போக முடியாது, அதற்குப் பயிற்சிச் சான்று வேண்டும். மூன்றாம் நாள் பான்யுல்ஸில் ஒரு முதல் முக்குளிப்பு செய்யலாம். பயிற்றுநர் ஒருவர் உங்கள் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குள் கூட்டிப்போவார். எட்டு வயதிலிருந்து அனுமதி உண்டு, மகளும் போகலாம். சளி பிடித்திருந்தால் வேண்டாம், காதுக்குக் கெடுதல். முக்குளிக்க விருப்பமில்லை என்றால் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்த மீன்காட்சிச்சாலைக்குப் போங்கள். பெரியது அல்ல, உள்ளூர்க் கடலில் இருப்பவற்றைத்தான் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. முந்தின நாள் குடாவில் பார்த்தவற்றுக்குப் பெயர் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு இழப்பையும் சொல்லிவிட வேண்டும். பத்து வருடம் முன்பு வந்திருந்தால் கடற்புல்லுக்கு நடுவே விசிறி போல நட்டுக்குத்தாக நிற்கும் பெருஞ்சிப்பியைக் காட்டியிருப்பேன். ஒரு மீட்டருக்கு மேல் உயரும், மத்தியதரையின் மிகப் பெரிய சிப்பி. 2016ல் ஸ்பெயின் கரையில் ஓர் ஒட்டுண்ணி நோய் தொடங்கி, சில ஆண்டுகளில் மத்தியதரை முழுக்கப் பரவி அனேகமாக எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. சில உப்பங்கழிகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நங்கூரத்தையும் ஈட்டியையும் தடுக்கக் காப்பகத்தால் முடிந்தது, இதை முடியவில்லை. கடல் சூடாவதையும் அதனால் தடுக்க முடியாது. 2022 கோடையில் புரோவான்ஸ் கரையில் விசிறிப்பவளங்கள் பெருமளவு செத்தன. செத்த பெருஞ்சிப்பி ஓடு புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தால் அதை எடுக்காதீர்கள். அதற்குள் சின்ன மீன்கள் குடியிருக்கும்.

கடைசியாகக் காற்று. இந்தக் கரையில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பார்க்க வேண்டும். த்ரமோந்தான் என்பது வடமேற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும் வறண்ட காற்று. வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், கரையோரத் தண்ணீரும் அலையில்லாமல் தட்டையாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. ஒரு ஜூன் மாதம் அந்தத் தட்டைத் தண்ணீரை நம்பி இறங்கி, குடா வாயைத் தாண்டியதும் கரை விலகிப் போவதைப் பார்த்தேன். திரும்பி வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று, கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டது. மேல்தண்ணீரை அந்தக் காற்று வெளியே தள்ளிவிடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். முந்தின நாள் 22 டிகிரி இருந்த கடல் அடுத்த நாள் நடுங்க வைக்கும். த்ரமோந்தான் அடிக்கும் நாளில் குடாவின் உட்பக்கம் தாண்டாதீர்கள், பலமாக அடித்தால் தண்ணீரையே விட்டுவிடுங்கள். காற்றும் வறட்சியும் சேர்ந்த நாட்களில் தீ அபாயத்துக்காகச் சில பாதைகளை மூடுவார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ ஈரக்காற்று வந்தால் நேர் எதிர்: பேரலை, கலங்கல், இரண்டு மூன்று நாளுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அப்போது நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் நாள் நடை, இரண்டாம் நாள் கடல் என்று நான் சொன்ன வரிசை காற்றுக்குக் கட்டுப்பட்டது. பார்சிலோனாவில் கிளம்பும் முன்னாலேயே மூன்று நாள் காற்றைப் பாருங்கள். அமைதியான நாள் எதுவோ அதைக் கடலுக்குக் கொடுத்துவிடுங்கள், அதிலும் காலை நேரத்தை. அப்புறம், ஊதா நிறத்தில் உள்ளங்கை அளவுச் சொறிமீன் சில நாட்கள் கரைக்கு வரும். பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றவோ தேய்க்கவோ வேண்டாம். மகளுக்கு முழுக்கை உடை எடுத்துக்கொண்டால் அந்தப் பயமும் இல்லை.